ஆய்வகத்தில் ஓடும் கருவி, கல்லூரி வாசலைத் தாண்டாதது ஏன்? (இறால் குள டிஓ சென்சார் – காப்புரிமை, கம்பெனி, லைசென்ஸ்)

அறை 214 கேட்கிறார்:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு தனியார் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி. ஐபி செல் (அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு) பொறுப்பிலிருந்து கேட்கிறேன்.

கையில் இருக்கும் விஷயம்: இறால் குளத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை (டிஓ) அளந்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவி. சென்சார் ஒளி முறையில் வேலை செய்கிறது. சாயப் பூச்சு போட்ட மூடியில் நீல ஒளி படும். ஆக்ஸிஜன் கூடினால் பூச்சின் ஒளிர்வு குறையும். புதுமை என்று நாங்கள் நினைப்பது, மூடியில் பாசி படியாமல் இருக்கச் செய்திருக்கும் துடைப்பான் அமைப்பும், பூச்சு தேய்வதைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் கணக்கும். வேதாரண்யம் பக்கம் இரண்டு குளங்களில் மூன்று வாரம் ஓடியது. பணம் மத்திய அரசு அறிவியல் துறைத் திட்டத்திலிருந்து. செய்தவர்கள் ஒரு கைடு, ஒரு பிஎச்.டி. ஸ்காலர், இரண்டு எம்.இ. மாணவர்கள்.

ஆறு வாரத்தில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஸ்காலர் தீசிஸ் கொடுக்கிறார். நிர்வாகம் "கம்பெனி ஆரம்பியுங்கள், கல்லூரிக்கு 25 சதவீதம்" என்கிறது. கைடுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஆசை. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், "முப்பது நாளில் பேடன்ட் பப்ளிஷ்டு, பேக்கேஜ் ரேட்" என்று விடாமல் போன் செய்கிறார்.

முதலில் எதைச் செய்வது? கம்பெனியா, லைசென்ஸா? எத்தனை சதவீதம் நியாயம்? கடைசியாக ஒன்று. ஐந்து வருடத்தில் 60 விண்ணப்பம் போட்டிருக்கிறோம், ஒரு ரூபாய் வரவில்லை. கோளாறு எங்கே?

---

படிவம்28:

மாநாட்டுக்கு முன்னால் ப்ரொவிஷனல் (தேதியைப் பிடித்து வைக்கும் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம்) போட்டுவிடுங்கள். முன்பே வெளியானால் புதுமை போய்விடும். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்கலாம், காப்புரிமைச் சட்டம் பிரிவு 31-இல் 12 மாதச் சலுகை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி என்று குறுகிய சில வகைகளுக்குத்தான். 2024 விதித் திருத்தத்தில் அதற்கென்று படிவம் 31-உம் வந்துவிட்டது. ஆனால் உங்கள் மாநாடு அந்த வரையறைக்குள் வருமா என்று பின்னால் வாதாடுவதைவிட, முன்னாலேயே 1,600 ரூபாய் கட்டிவிடுவது சுலபம். ஐரோப்பாவில் இந்தச் சலுகைகூட கிடையாது.

இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் கோஹன்–பாயர் முறையைப் பற்றிய கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு விண்ணப்பித்தது 1974 நவம்பர் 4 அன்று. அமெரிக்காவில் ஒரு வருடச் சலுகை முடியச் சில நாட்களே மிச்சம். அமெரிக்க உரிமை தப்பியது, வெளிநாட்டு உரிமை மொத்தமும் போயிற்று. அப்படியிருந்தும் 25 கோடி டாலருக்கு மேல் வந்தது என்பது வேறு கதை. எல்லோருக்கும் அந்த அளவு பெரிய கண்டுபிடிப்பு வாய்க்காது.

கல்வி நிறுவனங்களுக்கு 2021-இலிருந்து 80 சதவீதக் கட்டணக் குறைப்பு உண்டு. படிவம் 28-ஐச் சான்றோடு சேர்த்து, இணையவழியாகப் போட்டால் 8,000-க்குப் பதில் 1,600. முப்பது பக்கம், பத்து உரிமைக்கோரல் (எது உங்களுக்குச் சொந்தம் என்று கேட்கும் வரிகள்) வரை இதே தொகை. தாண்டினால் பக்கத்துக்கு 160, கோரலுக்கு 320. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணம்) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிக்கக் கேட்கும் கோரிக்கை படிவம் 18, உங்களுக்கு 4,000. 2024 மார்ச் 15-க்குப் பின் போட்ட விண்ணப்பங்களுக்கு அதன் கெடு 31 மாதம். பழைய 48 மாதக் கணக்கை இன்னும் பல கல்லூரிகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றன, கிழித்துவிடுங்கள்.

ப்ரொவிஷனல் என்றால் ஒரு பக்கச் சுருக்கம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அதில் எழுதாததற்கு அந்தத் தேதி கிடைக்காது. துடைப்பானின் படம், துடைக்கும் இடைவெளி எத்தனை நிமிடத்திலிருந்து எத்தனை நிமிடம் வரை, துடைப்பான் பொருள் ரப்பராக இருந்தால், நாராக இருந்தால், திருத்தக் கணக்கின் படிகள், அந்தக் கணக்கு எந்த அளவீட்டை வைத்து எந்த மோட்டாரை இயக்குகிறது என்பது வரை எழுதுங்கள். கடைசியில் சொன்னது முக்கியம். கணக்கை மட்டும் கோரினால், காப்புரிமை கிடைக்காதவற்றைச் சொல்லும் பிரிவு 3-இன் 'கே' உட்பிரிவு வந்து நிற்கும்: அல்காரிதம், வெறும் கணினி நிரல். சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், ரிலே என்று தெரிந்த பொருட்களைச் சேர்த்துக் கட்டியதாக மட்டும் எழுதினால் அதே பிரிவின் 'எஃப்' வரும். பூச்சின் தேய்மானத்தைக் கண்டறிந்ததால் அளவீட்டுப் பிழை இத்தனை குறைந்தது என்று தொழில்நுட்ப விளைவை எண்ணோடு காட்ட வேண்டும்.

அந்த ஏஜென்ட் பேக்கேஜ்: அது வெறும் படிவம் 9, முன்கூட்டியே வெளியிடக் கோருவது. சாதாரணமாக 18 மாதம் ரகசியமாக இருப்பது, சில வாரத்தில் காப்புரிமை அலுவலக இதழில் வந்துவிடும். தரவரிசையில் 'வெளியான' விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் இருப்பதால் இந்த வியாபாரம் நடக்கிறது. உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், அரைகுறையாக வெளியான உங்கள் சொந்த விண்ணப்பமே நாளை நீங்கள் போடும் மேம்பாட்டுக்கு முன்கலையாக (ஏற்கெனவே தெரிந்த விஷயமாக) எதிரே வந்து நிற்கும். வெளியீடு வேறு, உரிமை வழங்கப்படுவது வேறு. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லி வையுங்கள்.

---

வரப்போரம்:

படிவம்28 சொன்ன வரிசை சரிதான். ஆனால் ப்ரொவிஷனல் போட்ட மறுநாள் வக்கீலிடம் போகாதீர்கள், குளத்துக்குப் போங்கள். அந்த 12 மாதம் எதற்கு என்றால், யார் காசு கொடுப்பார்கள் என்று கண்டுபிடிக்க.

மூன்று வாரம் ஓடியது என்கிறீர்கள். எந்த மூன்று வாரம்? வனாமி இறால் வளர்ப்பு ஏறக்குறைய 100–120 நாள். குஞ்சு விட்ட முதல் மாதத்தில் எந்த சென்சாரும் ஓடும். தீவனம் குறைவு, இறாலின் எடை குறைவு, தண்ணீர் தெளிவு. 70 நாளுக்கு மேல்தான் கழிவு ஏறி, பாசி தடித்து, விடியற்காலை டிஓ சரசரவென்று இறங்கும். மூடியில் படலம் வேகமாகப் படிவதும் அப்போதுதான். உங்கள் துடைப்பானின் பெருமை கடைசி 40 நாளில்தான் தெரியும். ஒரு வளர்ப்பு முழுக்க, குறைந்தது மூன்று வெவ்வேறு உப்புத்தன்மையுள்ள குளங்களில், பக்கத்திலேயே ஒரு கைக்கருவியால் தினமும் அதிகாலையும் மாலையும் அளந்து ஒப்பிட்ட அட்டவணை இல்லாமல் எந்த லைசென்ஸ்காரரிடமும் போகாதீர்கள். அவர் கேட்கும் முதல் தாள் அதுதான்.

உப்பு விஷயத்தில் ஆய்வகக் கருவிகள் வழக்கமாக வழுக்கும். 30 டிகிரி நன்னீரில் ஆக்ஸிஜன் நிறைவு நிலை லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம். கடல் நீர் உப்பில் அது சுமார் 6.2. ஒளி சென்சார் அளப்பது ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தத்தை. மில்லிகிராமாக மாற்றும்போது உப்புத்தன்மையை உள்ளே கொடுக்காவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். குளத்தில் 4-க்குக் கீழே இறங்கியும் திரை 4.6 என்று காட்டிக்கொண்டிருந்தால் ஏரேட்டர் போடாது. ஒரு ராத்திரியில் குளத்து இறால் செத்து மிதக்கும். அப்புறம் அந்த ஊரில் உங்கள் கருவியை யாரும் தொடமாட்டார்கள். மழை பெய்து குளத்து உப்பு இறங்கும்போது அந்த எண்ணை யார் மாற்றுவது? உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி சென்சார் ஒன்றையும் உள்ளே வைப்பதா, விவசாயி வாரம் ஒரு முறை பதிவதா? இதைத் தீர்க்காமல் அது பொருளே இல்லை.

கோளாறு வந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதும் வடிவமைப்புதான். சென்சார் செத்தாலோ கேபிளை நண்டு கடித்தாலோ ரிலே (ஏரேட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) 'ஆன்' பக்கம் விழ வேண்டும். ஆய்வகத்தில் செய்யும் ரிலேக்கள் பாதிக்கு மேல் 'ஆஃப்' பக்கம் விழும்.

இப்போது விலை. இறால் 500 கிலோவுக்கு 1 குதிரைத்திறன் ஏரேட்டர் என்பது பொதுவான கணக்கு. 5 டன் குளத்தில் 10 குதிரைத்திறன், அதாவது மணிக்கு 7.5 யூனிட். உங்கள் கருவியால் பகலில் தினம் 4 மணி நேரம் பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால் 30 யூனிட். 100 நாளில் 3,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் வளர்ப்புக்கு 24,000 ரூபாய். இதுதான் உச்சவரம்பு. விவசாயி இதில் பாதிக்கு மேல் கருவிக்குத் தரமாட்டார். வருடத்துக்கு இரண்டு வளர்ப்பு என்றால் ஒரு வருடத்தில் போட்ட காசு திரும்பும் விலை 24,000-ஐ ஒட்டி நிற்கிறது. உதிரிபாகச் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 8,000-க்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் டீலர் கமிஷன், வாரண்டி, வருடா வருடம் மூடி மாற்றுவது எதற்கும் இடமில்லை. உங்கள் முன்மாதிரியின் பொருள் பட்டியலை எடுத்து வைத்து இந்தக் கணக்கை இன்றே போடுங்கள். 20,000 வருகிறது என்றால் விற்க வேண்டியது தனி விவசாயிக்கு அல்ல. ஹேட்சரிக்கோ (இறால் குஞ்சு பொரிப்பகம்), தீவனக் கம்பெனியின் களப் பிரிவுக்கோ. அப்படியானால் லைசென்ஸா கம்பெனியா என்ற கேள்விக்கான பதிலே மாறிவிடும்.

20 குளத்துக்காரர்களிடம் கேளுங்கள். "இது வந்தால் வாங்குவீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன வளர்ப்பில் ராத்திரி டிஓ இறங்கியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? யார் முழித்திருந்தார்? அவருக்கு என்ன சம்பளம்?" என்று கேளுங்கள். பிறகு வளர்ப்பு முழுக்க வைத்துக்கொள்ள 3,000 ரூபாய் வாடகை கேளுங்கள். இருபதில் நான்கு பேர்கூடக் கொடுக்கவில்லை என்றால் முழு விவரக்குறிப்புக்குச் செலவழிப்பதை யோசிக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை:

25 சதவீதம் பற்றி. அது கம்பெனியைப் பிறக்கும் முன்பே கொல்வது.

மத்திய கல்வி அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யும் 2019-இல் வெளியிட்ட மாணவர்–ஆசிரியர் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள். இடம், வசதி, பெயர், ஐபி எல்லாம் சேர்த்துக் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்கிறது. கம்பெனிக்கு வரும் சட்டப் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்த 9.5 உச்சம், சாதாரணமாக அதைவிட நன்றாகக் குறைவாகவே எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கண்டுபிடித்தவர்களே கம்பெனி தொடங்கி லைசென்ஸ் வாங்கினால் ராயல்டி விற்பனை விலையில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 1–2 போதும் என்கிறது. ராயல்டிக்குப் பதில் பங்கு என்றாலும் 1–4 தான். ஆசிரியர் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பங்கு வைத்திருந்தால், கல்லூரி எடுப்பது அவர் பங்கில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதுவும் அந்த 9.5-க்கு உள்ளேதான்.

பங்கைக் கல்லூரி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியுமா என்பது டிரஸ்ட் பத்திரத்தையும் வருமான வரி விலக்கையும் பொறுத்தது. பல இடங்களில் முடியாது. அதனால்தான் புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இன்குபேட்டரைத் தனிச் சட்ட அமைப்பாகப் பதிவு செய்து, பங்கை அங்கே வைக்கிறார்கள். சென்னை ஐஐடி போன்ற இடங்களில் இன்குபேஷன் செல் தனி அமைப்பாக நிற்பதற்கு இது ஒரு காரணம்.

25 ஏன் ஆகாது என்று நிர்வாகத்துக்கு விளக்கக் கணக்கே போதும். கல்லூரி 25, கைடு 25, ஸ்காலர் 30, மாணவர்கள் 20. முதல் முதலீட்டாளர் 20 எடுத்து, வேலைக்கு ஆள் சேர்க்க 10 சதவீதம் ஒதுக்கினால், முழுநேரம் குளத்தில் நிற்கப்போகிற ஸ்காலர் கையில் மிஞ்சுவது 21. கைடு வாரம் நான்கு மணி நேரம் வருவார், கல்லூரி வரவே வராது. இருவரும் சேர்ந்து 35. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே முதலீட்டாளர் எழுந்து போய்விடுவார். முழுநேரம் யார் வருகிறாரோ அவர் கையில்தான் பெரும்பங்கு இருக்க வேண்டும், அதுவும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி. முழுநேரம் வர ஆளே இல்லையா? அப்படியென்றால் கம்பெனி வேண்டாம், லைசென்ஸ் கொடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வியே போதும்.

லைசென்ஸ் ஒப்பந்தத்தில் விட்டுவிடக்கூடாதவை:

உரிமையை ஒரே ஆளுக்குக் கொடுத்தால் துறையை வரையறுத்துக் கொடுங்கள். 'நீர்வாழ் உயிரின வளர்ப்பு' மட்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உங்களிடமே இருக்கட்டும். 'எல்லாத் துறைகளுக்கும்' என்று எழுதிவிட்டு மூன்று வருடம் கழித்து அழுபவர்கள்தான் அதிகம்.

ராயல்டி எதன்மேல்? ஜிஎஸ்டி, போக்குவரத்து, திரும்பி வந்த சரக்கு கழித்த விலை என்று விளக்கமாக எழுதுங்கள். 'லாபத்தில் 5 சதவீதம்' என்று ஒருநாளும் எழுதாதீர்கள். லாபம் என்பது அவர்களுடைய ஆடிட்டர் சொல்வது. ராயல்டிக்கும் முன்பணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தொகை வரி நீங்கலாகவா உட்படவா என்று எழுதாமல் விட்டால் அதுவே சண்டையாகும்.

தூங்கவிடாமல் செய்யும் விதி: 12 மாதத்தில் முதல் தொகுதி, 24 மாதத்தில் இத்தனை கருவி விற்பனை, இல்லையென்றால் உரிமை கல்லூரிக்குத் திரும்பும். குறைந்தபட்ச ஆண்டுத் தொகையும் போடுங்கள். போட்டியாளர் வாங்கிப் பூட்டி வைப்பதைத் தடுக்க இதுதான் வழி.

கல்லூரிக்கு ஆராய்ச்சி, பாடம் நடத்த உரிமை தங்க வேண்டும். 'இனி வரும் எல்லா மேம்பாடுகளும்' லைசென்ஸ்காரருக்கே என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த ஆய்வகத்தின் அடுத்த பத்து வருட வேலையைச் சும்மா கொடுப்பதற்குச் சமம்.

முதல் நாளே முழு லைசென்ஸுக்குப் பேச வேண்டியதில்லை. ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு சிறு தொகையில் 'ஆப்ஷன்' கொடுங்கள். அதற்குள் அவர்கள் தங்கள் குளத்தில் சோதித்து முடிவெடுக்கட்டும். வரப்போரம் சொன்ன அட்டவணைக்கும் அவர்களே செலவழிப்பார்கள்.

---

அறை 214:

மூவருக்கும் நன்றி. பொருள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன், 13,400 வருகிறது. மூடி மட்டும் அதில் ஏறக்குறைய பாதி.

இரண்டு சிக்கல். ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) எழுதிய எம்.இ. மாணவர், உரிமையைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட யோசிக்கிறார்: "நான் ஃபீஸ் கட்டிப் படித்தேன், சம்பளம் வாங்கவில்லையே" என்கிறார். இன்னொன்று, நிர்வாகம் வழக்கம்போல் எல்லோரையும் கூட்டு விண்ணப்பதாரராகப் போடச் சொல்கிறது. முதல்வர், துறைத் தலைவர் பெயர்களும் கண்டுபிடித்தவர் பட்டியலில் வர வேண்டுமாம்.

---

படிவம்28:

மாணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. கல்லூரியில் நடந்ததால் கல்லூரிக்கே சொந்தம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கண்டுபிடித்தவரோ அவர் எழுதிக் கொடுத்தவரோதான் விண்ணப்பிக்க முடியும். எழுதிக் கொடுத்ததற்கான சான்றை விண்ணப்பத்தோடோ, ஆறு மாதத்துக்குள்ளோ சேர்க்க வேண்டும்.

ஃபர்ம்வேர் தனி. அது பதிப்புரிமை. அவர் உங்கள் ஊழியர் இல்லை, ஆகவே எழுதியவரே முதல் உரிமையாளர். எழுத்தில் வாங்கும்போது காலமும் எல்லையும் குறிப்பிடாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19-இன்படி காலம் ஐந்து வருடம், எல்லை இந்தியா என்றுதான் கொள்ளப்படும். நிறைய கல்லூரிகளின் ஒருபக்க 'உறுதிமொழிப் பத்திரம்' இங்கேதான் செல்லாக்காசு ஆகிறது. 'பதிப்புரிமை முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்று எழுதுங்கள். சும்மா வாங்காதீர்கள், கண்டுபிடித்தவர்களுக்கான பங்கில் அவருக்கு எத்தனை என்று எண்ணைப் போட்டே கையெழுத்து கேளுங்கள். அந்த எண் இல்லாததால்தான் அவர் யோசிக்கிறார்.

மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 2000-ஆம் ஆண்டு வழிமுறைகள் உங்கள் திட்டத்துக்குப் பொருந்தும் என்றால், உரிமை நிறுவனத்துக்கு, கண்டுபிடித்தவர்கள் பங்கு வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்குள், குறைந்தது 25 சதவீதம் காப்புரிமை நிதிக்கு, அரசின் சொந்தப் பயன்பாட்டுக்கு ராயல்டி இல்லாத உரிமை. அனுமதிக் கடிதத்தில் எந்த நிபந்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பங்கை முடிவு செய்யுங்கள்.

கூட்டு விண்ணப்பதாரர் வேண்டவே வேண்டாம். பிரிவு 50 படி கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் தனக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் யாரும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. ஆறு பேர் பெயர் போட்டால், மூன்று வருடம் கழித்து ஆறு கையெழுத்து தேடி அலைய வேண்டும். அதில் ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லாமல் இருப்பார். விண்ணப்பதாரர் கல்லூரி ஒன்று மட்டும். கண்டுபிடித்தவர்களாக, உரிமைக்கோரலில் ஒன்றுக்காவது யோசனை கொடுத்தவர்கள் மட்டும். கட்டடம் கொடுத்தவர், கையெழுத்துப் போட்டவர், சாலிடர் வைத்தவர் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார். பொய்யான பெயர் பின்னால் காப்புரிமையையே எதிர்க்கப் பிடி கொடுக்கும். மரியாதைக்குப் பெயர் வேண்டுமென்றால் கட்டுரையின் நன்றி உரையில் போடலாம்.

தீசிஸையும் மறக்காதீர்கள். பொது வைவா (வாய்மொழித் தேர்வு), பிறகு தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றம், இரண்டுமே வெளியீடுதான். ப்ரொவிஷனல் போட்டாலும், அதில் இல்லாத புது விஷயம் தீசிஸில் வந்தால் அது வெளியே போய்விடும். வைவாவுக்கு முன் தீசிஸை விவரக்குறிப்போடு வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். மிச்சம் இருந்தால் இரண்டாவது ப்ரொவிஷனல், இன்னொரு 1,600. ஸ்காலர் வெளிநாடு போகிறார் என்றால் கிளம்பும் முன்பே எல்லாக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இந்தியாவில் வசிக்கையில் செய்த கண்டுபிடிப்பை இங்கே போட்டு ஆறு வாரம் ஆகாமல், அனுமதியும் இல்லாமல் வெளிநாட்டில் விண்ணப்பிப்பது பிரிவு 39-இன்படி குற்றம்.

---

மதகு:

வருமானம் தராத அந்த 60 விண்ணப்பங்கள் பற்றி யாரும் பேசவில்லை. கல்லூரியின் உண்மையான நோய் அங்கேதான் இருக்கிறது.

முதலில் 60-ஐ மூன்றாகப் பிரியுங்கள். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் கொடுக்காமல் செத்துப்போனவை. உயிரோடிருந்தும் யாருக்கும் விற்க முயலாதவை. ஒரு தொழில்முனைவோராவது விசாரித்தவை. மூன்றாவது வகையில் மூன்று தேறினாலே சந்தோஷம். இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் 'இதை வாங்கக்கூடிய ஐந்து கம்பெனிகள்' என்று பெயர் எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவராலேயே எழுத முடியாவிட்டால் புதுப்பிப்புக் கட்டணத்தை நிறுத்துங்கள். மூலிகை, நுண்ணுயிர் சார்ந்தவை இருந்தால் பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய ஆணையத்திடம் முடிக்க வேண்டியது முடிந்ததா என்று பாருங்கள். ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. காப்புரிமை வழங்கும் கட்டத்தில் அந்தத் தாள் இல்லாமல் நிற்கும் கோப்புகள் ஏராளம்.

கோளாறு நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியருக்குப் பதவி உயர்வில் விண்ணப்பத்துக்கு மதிப்பெண், லைசென்ஸுக்குக் கிடையாது. அப்படியென்றால் அவர் விண்ணப்பம்தான் போடுவார். மாற்ற வேண்டியது இது: இரண்டு பக்கக் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம், அதில் கட்டாயக் கேள்வி, இன்று இந்த வேலையை யார், என்ன செலவில் செய்கிறார்கள். 30 நாளில் போடுவதா வேண்டாமா என்ற பதில். வேண்டாம் என்றால் உரிமையைக் கண்டுபிடித்தவருக்கே எழுதிக் கொடுப்பது. திட்டப் பணமாக இருந்தால் நிதி கொடுத்தவரின் சம்மதத்தோடு. ப்ரொவிஷனலின் பத்தாவது மாதத்தில் மறுபரிசீலனை. வெளி ஆள் ஒருவராவது காசோ, இடமோ, கடிதமோ கொடுக்காவிட்டால் முழு விவரக்குறிப்பு போடாமல் விடுவது. விட்டுவிடுவதற்கு ஒரு கல்லூரிக்கும் தைரியம் இல்லை. 18 மாதத்துக்கு முன்பே விட்டுவிட்டால் அது வெளியாவதும் இல்லை, பிறகு மெருகேற்றித் திரும்பப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அரசு பணத்தில் வந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள விட்ட அமெரிக்காவின் 1980 பே–டோல் சட்டம் மாதிரி இங்கே வந்தால் சரியாகிவிடும் என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். 2008-இல் அப்படி ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. உரிமை கல்லூரிக்கு என்பதில் இப்போது பெரிய தடையொன்றும் இல்லை. தடை, கல்லூரிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எட்டு மாதம் ஆவது. கணக்குப்பிள்ளை சொன்ன விதிகளோடு ஒரு நிலையான ஒப்பந்தத்தை முன்கூட்டியே நிர்வாகக் குழுவில் ஒப்புதல் வாங்கி வைத்தால், அதை மாற்றாமல் ஏற்பவருக்கு இரண்டு வாரத்தில் முடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் கம்பெனி வேண்டும் என்ற நினைப்பையும் விடுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலையின் தென்னை டானிக் எந்த ஸ்டார்ட்அப்பும் இல்லாமல் தோப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வேரில் கட்டிவிடுவது. அளவும் முறையும் ஒரு வரியில் அடங்கியது. பல்கலையே விற்றது. மறுபக்கம் சென்னை ஐஐடி வளாகத்தில் 2017-இல் தொடங்கிய அக்னிகுல் என்ற ராக்கெட் கம்பெனி, முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது 2024 மே 30-இல். ஏழு வருடம். உங்கள் நிர்வாகம் இரண்டு வருடத்தில் வருமானம் எதிர்பார்த்தால் டானிக் மாதிரிப் பொருளைத் தேட வேண்டும்.

இடைவெளிப் பணத்துக்கு: முன்மாதிரிக்கு மத்திய அரசின் நிதி–பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை, கம்பெனி ஆன பிறகு தமிழ்நாடு அரசின் டான்சீட் 10 லட்சம், மத்திய விதைநிதித் திட்டத்தில் சோதனைக்கட்ட மானியம் 20 லட்சம் வரை. கடைசியாகச் சொன்னது பதிவாகி இரண்டு வருடத்துக்குள் இருக்கும் கம்பெனிக்குத்தான். ஆகவே 'சும்மா பதிவு பண்ணி வைப்போம்' என்று இப்போதே கம்பெனி தொடங்கினால் கடிகாரம் வீணாக ஓடும். அழைப்பு வரும்போது தொகையும் தகுதியும் மாறியிருக்கலாம், அறிவிப்பைப் படித்துவிட்டே எழுதுங்கள்.

---

வரப்போரம்:

13,400-க்கு ஒரு வார்த்தை. மூடி பாதி விலை என்றால் பூச்சை வெளியே வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். வேதியியல் துறை அந்தப் பூச்சைத் தானே செய்ய முடிந்தால், உண்மையான காப்புரிமை அங்கே இருக்கலாம். துடைப்பானைவிட வருடா வருடம் மாற்ற வேண்டிய மூடியில்தான் ராயல்டி தொடர்ந்து வரும். லைசென்ஸில் 'கருவியும் மாற்று மூடிகளும்' என்று எழுதாமல் கருவி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ரேடியோவையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) என்றால் இங்கே உரிமம் தேவையில்லாத அலைவரிசை 865–868 மெகாஹெர்ட்ஸ். இணையத்தில் மலிவாக வரும் 433, 915 மாட்யூல்களில் முன்மாதிரி செய்துவிட்டு, விற்கும் நேரத்தில் பலகையையே மாற்றுகிறார்கள். ஏற்கெனவே வகை அனுமதி பெற்ற மாட்யூலாகப் பார்த்து இப்போதே மாற்றிவிடுங்கள். அடுத்த வளர்ப்புக்குக் குஞ்சு விடும் தேதியைக் குளத்துக்காரரிடம் கேட்டு, அன்றைக்கே கருவியை இறக்குங்கள்.